அந்த மாத்திரையை நிறுத்த வைத்தது நான்தான்

என்னிடம் ஓவியம் கற்றுக்கொண்ட ஓர் இளைஞன், மனநோய்க்காக எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையை என் பேச்சைக் கேட்டு நிறுத்தினான். 'நிறுத்து' என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் எடுத்துக்கொள்வான் என்று தெரிந்தே பேசினேன். பிறகு அவனுடைய அம்மா வந்து கேட்டபோது, அப்படி எதுவும் சொல்லவில்லை என்று பொய் சொன்னேன். இந்த இரண்டு குற்றங்களையும் ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அவர்கள் இருவரிடமும் படித்துக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன். அவர்களுடைய பெயரோ ஊரோ இதில் இருக்காது.

ஓவியம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். மாலை நேரத்தில் வீட்டுக் கூடத்தில் வகுப்பு நடத்துகிறேன். இலக்கியக் கூட்டங்களிலும் கல்லூரிகளிலும் கூப்பிட்டால் உலக ஓவியர்களைப் பற்றிப் பேசப் போவேன். யாரைப் பற்றி ஆரம்பித்தாலும் கடைசியில் வின்சென்ட் வான்காவிடம் வந்து நிற்பேன். 1889 மே 8 முதல் 1890 மே 16 வரை, தெற்கு பிரான்சின் சான் ரெமி என்ற ஊரில் ஒரு மனநோய் விடுதியில் அவர் இருந்த அந்த ஒரு வருடம்தான் என் பேச்சின் உச்சம். விளக்கை அணைக்கச் சொல்வேன். திரையில் முதலில் காதில் கட்டுப் போட்ட முகம் வரும். அடுத்தது கம்பி போட்ட ஜன்னல். அதற்கடுத்து 'நட்சத்திர இரவு'. கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன். பிறகு, "பைத்தியம் பிடித்ததால்தான் இவருக்கு இந்த வானம் தெரிந்தது. நாமெல்லாம் தெளிவாக இருக்கிறோம், அதனால்தான் நமக்குத் தெரியவில்லை" என்பேன். கைதட்டல் விழும். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த இளைஞனும் அப்படியொரு கூட்டத்தில் என் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்கு வந்தான். அவனுடைய அப்பா சுவர் விளம்பரம் எழுதியவர். பிளெக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது. சில வருடங்களில் அவரும் போய்விட்டார். அம்மா தையல் வேலை செய்து அவனைப் படிக்க வைத்தார். அப்பாவின் கை அப்படியே மகனுக்கு வந்திருந்தது. அளவுகோல் வைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் நேர்கோடு போடுவான். வகுப்பில் மற்ற பிள்ளைகள் தங்கள் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்ப்பார்கள்.

கல்லூரியில் படிக்கும்போதே அவனுக்கு நோய் வந்திருந்தது. நாள் கணக்கில் தூங்காமல் இருந்தது, கையிலிருந்த காசையெல்லாம் செலவழித்தது, பிறகு எழுந்திருக்கவே முடியாமல் சுருண்டு படுத்தது எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பைபோலார் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனை. மெல்ல மெல்லத் தேறி, மறுபடி பிரஷ்ஷைத் தொடும் நிலைக்கு வந்திருந்தான். இதையெல்லாம் முதல் நாளே என்னிடம் சொன்னான். சொல்லாமல் மறைத்திருந்தான் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

ஒருநாள் மற்றவர்கள் போன பிறகும் அவன் போகவில்லை. வரைந்த தாளை என் முன்னால் வைத்தான். கோயில் கோபுரத்தின் அடுக்குகளைப் பேனாவால் கோடு கோடாக இழுத்திருந்தான். எல்லாக் கோட்டிலும் மெல்லிய அதிர்வு இருந்தது. காபி டம்ளரை எடுத்தபோது விரல்கள் நடுங்கியதையும் பார்த்தேன்.

"சார், மாத்திரை போட்டா கை நடுங்குது. மனசும் மந்தமா இருக்கு. நீங்க சொல்ற அந்த வேகம் எனக்கு வரவே மாட்டேங்குது. என்ன பண்ணட்டும் சார்?"

'டாக்டரிடம் சொன்னாயா?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்டது வேறு கேள்வி.

"வான்காவுக்கு யாராவது மாத்திரை குடுத்துத் தூங்க வெச்சிருந்தா நட்சத்திர இரவு வந்திருக்குமாப்பா? நீயே யோசிச்சுப் பாரு."

அவன் முகம் சட்டென்று மலர்ந்தது. அந்த மலர்ச்சிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைச் சாத்தினேன்.

அடுத்து வந்த வாரங்களில் அவன் படங்களாகக் கொண்டுவந்து குவித்தான். கித்தான் தீர்ந்துபோய் பிளைவுட்டில், அட்டையில், பழைய கதவுப் பலகையில் வரைந்தான். நிறம் நிறத்தின் மேல் ஏறிக் கத்தியது. நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ராத்திரி தூங்கறதே இல்ல சார்" என்று அவன் சொன்னபோது அதைத் தவம் என்று பாராட்டினேன். அம்மாவின் சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் பெயின்ட் வாங்குகிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் அத்தனை ட்யூபுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நானும் கேட்கவில்லை.

ஒருநாள் நள்ளிரவில் வீட்டைவிட்டு வெளியே போய்விட்டான். பைபாஸ் சாலையில் லாரிகளோடு சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு வெறுங்காலுடன் நடந்தவனைப் போலீஸ்காரர்கள் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். உள்ளங்கால் கிழிந்திருந்தது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். மீண்டு வர வெகுநாள் ஆனது.

அந்த நாட்களில்தான் அவனுடைய அம்மா என் வீட்டுக்கு வந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. மாத்திரைய ஏண்டா நிறுத்தினேன்னு கேட்டா, சாருக்குத் தெரியும்னு சொல்றான். நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"இல்லம்மா. படத்தைப் பத்தித்தான் பேசினோம். அவன் ஏதாவது தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருப்பான்."

அவர் நம்பினார். சந்தேகப்பட்டதற்காக என்னிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் வான்காவின் கடிதங்களை முழுதாகப் படிக்க உட்கார்ந்தேன். அந்த ஒரு வருடத்தைப் பற்றி ஊர் ஊராகப் பேசிய நான், அந்த வருடத்தில் அவரே எழுதிய கடிதங்களை அதுவரை ஒழுங்காகப் படித்தது கிடையாது. இர்விங் ஸ்டோனின் நாவல், அதை வைத்து 1956-இல் வந்த கிர்க் டக்ளஸ் நடித்த படம், அங்கங்கே படித்த கட்டுரைகள், இவ்வளவுதான் என் சரக்கு. தம்பி தியோவுக்கு அவர் எழுதியவற்றை வரிசையாகப் படிக்கப் படிக்க, என் பேச்சின் ஒவ்வொரு தூணும் விழுந்தது.

முதலில் அந்த மாத்திரை விஷயம். 1888 டிசம்பர் 23 இரவு, ஆர்ல் நகரத்தில், உடன் தங்கியிருந்த ஓவியர் பால் காகினுடன் ஏற்பட்ட சண்டைக்குப் பிறகு வான்கா தன் காதை அறுத்துக்கொண்டார். அங்கிருந்த மருத்துவமனையில் பொட்டாசியம் புரோமைடு மருந்து கொடுத்தார்கள். அவர் அதை மறுக்கவில்லை, தூக்கி எறியவில்லை. தாங்க முடியாத மாயத் தோற்றங்கள் அடங்கி வெறும் கெட்ட கனவாகக் குறைந்திருக்கிறது, அந்த மருந்தால்தான் என்று நினைக்கிறேன் என்று 1889 ஜனவரியில் தம்பிக்கு நிம்மதியோடு எழுதுகிறார். லித்தியத்தால் மனக்கிளர்ச்சி நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அறிவித்தது 1949-இல். வான்கா இறந்து 59 வருடங்கள் கழித்து. தன் காலத்தில் கிடைத்த மருந்தை நன்றியோடு எடுத்துக்கொண்ட ஒரு மனிதரை, மருந்து வேண்டாம் என்பதற்குச் சாட்சியாக நான் கூண்டிலேற்றியிருக்கிறேன்.

விடுதிக்கும் அவரை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அவரை ஊருக்குள் விடக்கூடாது என்று ஆர்ல் நகரத்து அக்கம்பக்கத்தார் மனுக் கொடுத்து, அவர் குடியிருந்த மஞ்சள் வீட்டைப் போலீஸ் பூட்டியது உண்மை. அது அவரை நொறுக்கியது. ஆனால் சான் ரெமிக்குப் போகும் முடிவை அவரே எடுத்தார். தனியாக இருக்கத் தன்னால் இப்போது முடியாது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று உணர்ந்து, சால் என்ற பாதிரியாரின் துணையோடு ரயிலேறிப் போனார். அப்போது வயது 36. தனக்கு உதவி வேண்டும் என்று கேட்கும் துணிச்சல் அவருக்கு இருந்தது. நான் மேடையில் காட்டிய வான்காவுக்கு அது இல்லை.

சான் போல் த மோசோல் என்ற அந்த விடுதி பழைய மடாலயம். கன்னியாஸ்திரிகள் பணிவிடை செய்தார்கள். கடற்படையில் மருத்துவராக இருந்த தெயோஃபில் பெய்ரோன் இயக்குநர். நிறைய அறைகள் காலியாகக் கிடந்ததால், படுக்க ஓர் அறை, வரைய ஓர் அறை என்று வான்காவுக்கு இரண்டு கொடுத்தார்கள். படுக்கையறை ஜன்னலின் கம்பிக்கு வெளியே, சுற்றுச்சுவர் எழுப்பிய ஒரு கோதுமை வயல். அதற்கப்பால் அல்பீ குன்றுகள். சூரியன் அந்தப் பக்கம்தான் எழும். சிகிச்சை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணிநேரம் குளியல் தொட்டியில் உட்கார வைப்பார்கள். சாப்பாட்டில் பூஞ்சை வாடை. கொண்டைக்கடலையும் பயறும் திரும்பத் திரும்ப வரும். செய்வதற்கு வேலையே இல்லாமல் மற்ற நோயாளிகள் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவரை அதிகம் வருத்தியது.

அந்த நோயாளிகளைப் பற்றி அவர் எழுதியதைத்தான் நான் அதிக நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கு நோய் தாக்கும்போது மற்றவர்கள் ஓடிவந்து பார்த்துக்கொள்கிறார்கள், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளாமல் தடுக்கிறார்கள் என்கிறார். இவர்களைப் பார்த்த பிறகு பைத்தியம் என்ற பயமே தனக்குக் குறைந்திருக்கிறது, இதுவும் மற்ற நோய்களைப் போல ஒரு நோய்தான் என்று பார்க்க முடிகிறது என்கிறார். விடுதியில் இருந்தவர்களுக்குத் தெரிந்த அந்தக் கடமை எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பக்கத்து ஆளைத் தடுத்தார்கள். நான் தள்ளிவிட்டேன்.

இப்போது அந்த வானத்துக்கு வருகிறேன். மே 8-இல் உள்ளே போனவர், சில நாட்களிலேயே தோட்டத்தில் உட்கார்ந்து ஐரிஸ் பூக்களை வரைந்தார். ஜூன் மாதம் காவலாள் துணையோடு வெளியே போக அனுமதி கிடைத்தது. கோதுமை வயல், ஒலிவ மரங்கள், சைப்ரஸ் மரங்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஜூன் நடுவில் 'நட்சத்திர இரவு'. அந்த மே, ஜூன் மாதங்களில் அவருக்கு ஒரு தாக்குதல்கூட வரவில்லை. விடியலுக்கு முன் ஜன்னல் வழியாகப் பெரிதாகத் தெரிந்த விடிவெள்ளியைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், வரையும் அறையில், யோசித்துக் கட்டிய படம் அது. படத்தில் தெரியும் ஊர் அந்த ஜன்னலிலிருந்து தெரியாது. அதை அவர் சேர்த்தார். பிறகு அந்தப் படத்தில் அவருக்கே திருப்தி இல்லை. நட்சத்திரங்களைப் பெரிதாகப் போட்டு மறுபடி சறுக்கிவிட்டதாக ஓவிய நண்பர் எமில் பெர்னாருக்கு நவம்பரில் எழுதினார். தன் படத்தைத் தள்ளி நின்று பார்த்து, அளவு தப்பிவிட்டது என்று சொல்லும் ஓவியனின் தெளிவு அது. வெறி பிடித்த கை என்று நான் கூட்டத்துக்குச் சொன்னது இந்தக் கையைத்தான்.

வெறி வந்தபோது என்ன நடந்தது? ஜூலை நடுவில், காற்று பலமாக வீசிய ஒருநாள், கல் குவாரியின் வாயிலை வரைந்துகொண்டிருந்தபோது நோய் தாக்கியது. பெயின்ட்டை எடுத்து விழுங்கினார். அதனால் பெயின்ட்டையே அவரிடமிருந்து எடுத்துவைத்துவிட்டார்கள். வாரக்கணக்கில் எதுவும் வரையவில்லை. தொண்டை வீங்கிச் சாப்பிட முடியாமல் கிடந்தார். ஆகஸ்ட் கடைசியில் கொஞ்சம் தெளிந்ததும் அவர் தியோவிடம் கேட்டது ஒரே உதவி: நான் குணமாக வேண்டுமென்றால் வேலை செய்ய வேண்டும், மறுபடி வரைய விடச் சொல்லி மருத்துவருக்கு எழுது. நோயிலிருந்து வெளியே வர அவர் பிடித்துக்கொண்ட கயிறு ஓவியம். அந்தக் கயிற்றை நோயே திரித்தது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் அவர் செய்த வேலையைப் பாருங்கள். கட்டடத்தை விட்டு வெளியே போக மனம் துணியவில்லை. அதனால் உள்ளே இருந்ததை வரைந்தார். தலைமைக் காவலாள் திராபுக் என்பவரை உட்கார வைத்து வரைந்தார்; அவர் மனைவியை வரைந்தார்; கண்ணாடியில் தன்னை வரைந்தார். ஜூனில் தொடங்கிய 'கதிர் அறுப்பவன்' படத்தை எடுத்து மறுபடி தீட்டினார். அதில் வேலை செய்துகொண்டே, இடையிடையே பிரஷ்ஷை வைத்துவிட்டுத் தம்பிக்குக் கடிதம் எழுதுகிறார். அந்த அறுவடைக்காரன் மரணத்தின் உருவம் என்று விளக்குகிறார். ஆனால் இது சோகமான மரணம் இல்லை, எல்லாவற்றையும் பொன்னாக்கும் வெயிலில், பட்டப்பகலில் நடக்கிறது என்கிறார். படம் முழுக்க ஒரே மஞ்சள். தான் என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று வாக்கியம் வாக்கியமாகச் சொல்லக்கூடிய மனநிலையில்தான் அந்த மஞ்சள் கித்தானில் ஏறியது.

மாடல் கிடைக்காதபோது, தியோ அனுப்பிய, ஓவியர் மில்லேயின் கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களைச் சுவரில் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு நிறம் கண்டுபிடித்து வரைந்தார். மில்லேயை மட்டும் 20 படங்களுக்கு மேல். ஓர் இசைக்கலைஞன் பெத்தோவனை எடுத்துத் தன் போக்கில் வாசிப்பது போல இதுவும் என்று விளக்கினார். நோய் நாட்களில் ஓவியர் தெலக்ருவாவின் 'பியத்தா' அச்சுப் படம் எண்ணெயிலும் பெயின்ட்டிலும் விழுந்து பாழானது. அந்த இழப்பைத் தாங்காமல் அதையே பெரிதாக வண்ணத்தில் வரைந்தார். கடிதங்களில் தத்துவத்துக்குப் பக்கத்திலேயே ட்யூப் கணக்கு வருகிறது. இவ்வளவு வெள்ளை, இவ்வளவு கோபால்ட், இத்தனை மீட்டர் கித்தான். பாரிசிலிருந்து தியோ ஒவ்வொன்றையும் வாங்கி அனுப்புகிறார். விடுதிக் கட்டணமும் அவர்தான் கட்டுகிறார். அந்த வருடத்தின் சுமார் 150 ஓவியங்களுக்குப் பின்னால் ஒரு தம்பியின் சம்பளம், ஒரு மருத்துவரின் அனுமதி, ஒரு காவலாளின் துணை, நேரத்துக்குச் சாப்பாடு, பத்து வருடக் கைப்பழக்கம் இத்தனையும் இருந்தன. இதில் எதையும் நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. அதைச் சொன்னால் கைதட்டல் விழாது.

தாக்குதல்கள் மறுபடி வந்தன. காதை அறுத்துக்கொண்ட நாளின் ஆண்டு நிறைவையொட்டி டிசம்பரில் ஒன்று. ஆர்ல் நகரத்துக்குப் போய்வந்த பிறகு ஜனவரியில் ஒன்று. பிப்ரவரி 22-இல் தொடங்கியது கிட்டத்தட்ட இரண்டு மாதம் நீடித்தது. ஜனவரி 31-இல் தியோவுக்கு மகன் பிறந்து, பெரியப்பாவின் பெயரையே வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைக்காக நீல வானத்தில் பாதாம் பூக்களை, பொறுமையாக, அமைதியான கையால் தீட்டி முடித்திருந்தார். அடுத்து வந்த தாக்குதலில் அந்த வருடத்துப் பூக்காலம் முழுவதையும் இழந்தார். பூத்த மரங்களை வரைய முடியாமல் போய்விட்டதே என்று பின்னால் வருந்தினார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மறுபடி நான் பொய் சொன்னவனாவேன். அந்த நீண்ட நோய்க்காலத்தின் நடுவிலும் அவர் தன் பிறந்த மண்ணின் நினைவாகச் சில சிறு படங்களை வரைந்தார். ஆகவே நோய் நாட்களில் கை முழுவதும் ஓய்ந்திருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நாம் அவரை எதற்காக நினைக்கிறோமோ அந்தப் படங்கள் எல்லாம் நோய் விலகிய இடைவெளிகளில் வந்தவை.

1890 ஜனவரியில் ஆல்பெர் ஓரியே என்ற இளம் விமரிசகர் ஒரு பாரிஸ் இதழில் வான்காவைப் புகழ்ந்து நீளமாக எழுதினார். அதில் மேதைமையையும் பித்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார். வான்கா அவருக்கு மரியாதையோடு நன்றி சொல்லி, இந்தப் புகழில் தன் பங்கு சிறியது, மற்ற ஓவியர்களுக்குத்தான் அது சேர வேண்டும் என்று எழுதினார். பிறகு தாக்குதலிலிருந்து எழுந்ததும், இனிமேல் என்னைப் பற்றி எழுத வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடு என்று தம்பியைக் கேட்டுக்கொண்டார். அதே வசந்தத்தில், இந்தப் பாழும் நோய் மட்டும் இல்லாமல் வேலை செய்ய முடிந்திருந்தால் எவ்வளவோ செய்திருப்பேனே என்று ஏங்கி எழுதினார். நோயைப் பற்றி ஓவியரே கொடுத்த தீர்ப்பு இது. அதை எதிர்த்து ஊர் ஊராக வாதாடியவன் நான்.

சான் ரெமிக்குப் பக்கத்திலேயே, அவிஞ்ஞோன் அருகே இன்னொரு விடுதி உண்டு. சிற்பி கமீ க்ளோதெல் 1913-இல் பாரிஸ் அருகே ஒரு மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, பிறகு இங்கே மாற்றப்பட்டு, கடைசிக் காலம் வரை இங்கேயே இருந்தார். 1943-இல் சாகும்வரை, இரண்டு விடுதிகளிலுமாக 30 வருடங்கள். மருத்துவர்கள் அனுப்பச் சம்மதித்தபோதும் குடும்பம் அழைத்துக்கொள்ளவில்லை. சிற்பி ரோதானுக்கு ஈடாகப் பேசப்பட்ட அந்தக் கை, அந்த 30 வருடங்களில் சிற்பமே செய்யவில்லை. மனநோயும் சுவரும் சேர்ந்தால் கலை பிறக்கும் என்றால் அங்கே பிறந்திருக்க வேண்டும். லண்டனில் பெத்லம் மனநோய் விடுதியில் இருந்த ஓவியர் ரிச்சர்ட் டேட், குட்டிக் குட்டி உருவங்கள் நெரியும் ஒரு சிறு படத்தை 1855 முதல் 1864 வரை வரைந்தார். அவரிடம் கேட்டு வரைய வைத்தவர் அந்த விடுதியின் நிர்வாகி. வரைய விட்ட இடத்தில் வேலை நடந்தது. மனிதர்கள் கைவிட்ட இடத்தில் வேலை நின்றது.

இவ்வளவும் புத்தகங்களில் இருந்தது. தேடிப் படிக்க எனக்கு நேரமும் இருந்தது. ஏன் படிக்கவில்லை என்ற கேள்விக்கு நான் கண்ட பதில் எனக்கே கசக்கிறது. நான் சுமாரான ஓவியன். நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன், ஆரோக்கியமாக இருக்கிறேன். மேதைமை நோயிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால், நான் மேதையாகாததற்குக் காரணம் என் ஆரோக்கியம் என்று ஆகிவிடுகிறது. வான்காவைப் போல் தினமும் ஒலிவ மரத்தின் முன்னால் போய் உட்காராததோ, மில்லேயைத் திரும்பத் திரும்ப வரையாததோ, பத்து வருடம் கையைத் தேய்க்காததோ காரணம் இல்லை என்று ஆகிவிடுகிறது. என் சோம்பலுக்கு அவருடைய நோயை முட்டுக்கொடுத்தேன். அதற்கு விலை கொடுத்தவன் அந்தப் பையன். அவனுடைய படங்களை நண்பர்களிடம் காட்டியபோது எனக்கு இருந்த மகிழ்ச்சியையும் இப்போது நேராகப் பார்க்கிறேன். என் பேச்சுக்கு உயிருள்ள உதாரணம் ஒன்று கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி அது. எதிரே நின்றவன் தூங்கவில்லை என்பது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

கடிதங்களைப் படித்து முடித்த பிறகும் உடனே போய் உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. வெகுகாலம் தள்ளிப்போட்டேன். கடைசியில் அவர்கள் வீட்டுக்குப் போய், அவனும் இருக்கும்போதே, அம்மாவிடம் சொன்னேன். அன்று நான் சொன்னது பொய், மாத்திரை போடாமலிருந்தால்தான் நல்ல படம் வரும் என்று அவனை நினைக்க வைத்தது நான்தான் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட சொல்லியிருப்பேனே சார். ஏன் நிறுத்தினான், ஏன் நிறுத்தினான்னு அவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எனக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

என் பொய் என் மானத்தை மட்டும் காப்பாற்றியதாக நினைத்திருந்தேன். அது அவனுடைய சிகிச்சைக்குத் தேவையான பதிலையும் சேர்த்துப் பிடுங்கி வைத்திருந்தது. கை நடுக்கத்தால்தான் நிறுத்தினான் என்பது மருத்துவருக்கு வெகுநாள் கழித்து, அவன் வாயால்தான் தெரிந்திருக்கிறது. தெரிந்ததும் அளவை மாற்றிக் கொடுத்திருக்கிறார். நடுக்கம் முற்றிலும் போகவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது. நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விக்கு மருத்துவரிடம் பதில் இருந்திருக்கிறது.

அவன் இப்போது ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை செய்கிறான். மாத்திரை எடுத்துக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வரைகிறான் என்று அம்மா சொன்னார். என் வகுப்புக்கு வரவில்லை. வர வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. நான் பேசிவிட்டுக் கிளம்பும்போது, "எழுதுங்க சார். ஆனா டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லி எழுதுங்க" என்றான். அதை அவன் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன்.

மனநலத்துக்காக மருந்து எடுத்துக்கொண்டு, கலையிலும் ஈடுபட்டிருக்கும் பிள்ளைகளே, மாத்திரையால் கை நடுங்கினால், மனம் மந்தமானால், நிறம் மங்கித் தெரிந்தால், அது உங்கள் கற்பனை இல்லை. அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நான் ஓவியன், எனக்குக் கை முக்கியம் என்று அழுத்திச் சொல்லுங்கள். அளவைக் குறைக்க வழி உண்டு, மருந்தை மாற்ற வழி உண்டு, நடுக்கத்துக்குத் தனியாக மருந்தும் உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் ஆசிரியர் நிறுத்தச் சொன்னாலும், என்னைப் போல் சொல்லாமல் சொன்னாலும், அவரிடம் போக வேண்டாம். ஆசிரியர்களே, உங்கள் மாணவன் தூங்கவில்லை என்று சொன்னால் படத்தைப் பிறகு பாருங்கள். முதலில் அவன் வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள்.

வான்காவைப் பற்றி இனிமேலும் பேசுவேன். அந்த ஐரிஸ் பூக்களையும் பாதாம் கிளையையும் வெயிலில் நிற்கும் அந்த அறுவடைக்காரனையும் இளைஞர்கள் பார்க்க வேண்டும். ஆனால் அவர் மருந்து எடுத்துக்கொண்டதையும், உதவி கேட்டதையும், ட்யூப் கணக்கு எழுதியதையும், நோயைச் சபித்ததையும் சேர்த்துச் சொல்வேன். முன்பு என் பேச்சைக் கேட்டவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கு இந்த எழுத்து வழியாக மட்டும்தான் சொல்ல முடியும்: பைத்தியம் பிடித்ததால்தான் அவருக்கு அந்த வானம் தெரிந்தது என்று நான் சொன்னது உண்மையல்ல. அதை நம்பி உங்களில் யாராவது மருந்தை நிறுத்தியிருந்தால், நாளைக்கே மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.